தொழிலாளர்களுக்கு மலேரியா அபாயம்: வேலை தருபவரின் பொறுப்புகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியிலும் உள்ள கட்டுமான நிறுவனங்கள், ஆலைகள், ஒப்பந்தக்காரர்கள், வெப்பமண்டல நாடுகளுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்கள் ஆகியோர் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. மருந்துகளைப் பற்றிய பகுதிகள் நிர்வாகத்தின் புரிதலுக்காக எழுதப்பட்டவை; யாருக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

நம் பகுதியில் மலேரியா வெகுவாகக் குறைந்துவிட்டது. பிறகு ஏன் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்?

குறைந்துவிட்டது என்பது உண்மைதான். இங்கு மழைக்காலத்தில் காய்ச்சல் என்றவுடன் மருத்துவர்கள் முதலில் டெங்குவைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் நோய் குறைந்திருக்கிறதே தவிர, அதைப் பரப்பும் கொசு எங்கும் போய்விடவில்லை. நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் கொசு மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் கட்டட வேலைக்குத் தேக்கிவைத்த தண்ணீரிலும் முட்டையிடுகிறது. கொசு இருக்குமிடத்திற்கு, ரத்தத்தில் கிருமியைச் சுமந்தபடி ஒருவர் வந்து சேர்ந்தால் போதும். நோய் மீண்டும் பரவத் தொடங்கிவிடும்.

அப்படி வருகிறவர் பெரும்பாலும் வேலைக்காகவே வருகிறார். ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் ஆகிய மாநிலங்களின் காட்டுப்புற மாவட்டங்களில் இன்னும் மலேரியா இருக்கிறது. அங்கிருந்து நம் ஊர்க் கட்டடங்களுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் ஆட்கள் வருகிறார்கள். இன்னொரு பக்கம், நம் ஊர் வெல்டர்களும் ஃபிட்டர்களும் மேற்பார்வையாளர்களும் ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போகிறார்கள். உலகில் 2023-ஆம் ஆண்டு ஏறத்தாழ 26 கோடிப் பேருக்கு மலேரியா வந்ததாகவும், 5,97,000 பேர் இறந்ததாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. நோயுற்றவர்களில் 94 விழுக்காட்டினர் ஆப்பிரிக்க வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள். ஆக, வருகிற ஆளாக இருந்தாலும் போகிற ஆளாக இருந்தாலும், அவருடைய பயணத்தை ஏற்பாடு செய்பவர் வேலை தருபவர்தான்.

மலேரியாக் கொசு இரவில்தானே கடிக்கிறது? வேலை நேரம் முடிந்தபின் நடப்பதற்கு நிறுவனம் எப்படிப் பொறுப்பாகும்?

எங்கள் பார்வையில் இந்தப் பக்கத்திலுள்ள கேள்விகளில் இதுவே முதன்மையானது. அனாபிலிஸ் கொசு பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை கடிக்கிறது. ஹெல்மெட், கையுறை, பாதுகாப்புக் காலணி என்று பணியிடத்திற்காகக் கொடுப்பது எதுவும் அந்த நேரத்தில் தொழிலாளியின் உடம்பில் இருப்பதில்லை. அவர் எங்கே படுக்கிறார் என்பதே அபாயத்தைத் தீர்மானிக்கிறது.

உள்ளூர்க்காரர் தம் வீட்டில் படுத்தால் அது அவர் பொறுப்பு என்று சொல்ல ஓரளவு இடமிருக்கிறது. ஆனால் லேபர் ஷெட்டில் தங்குபவர், நிறுவனம் வாடகைக்கு எடுத்த அறையில் பத்துப் பேரோடு படுப்பவர், நைஜீரியாவிலோ காங்கோவிலோ திட்ட முகாமில் இருப்பவர் ஆகியோர் தங்கள் படுக்கையைத் தாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. தகரக் கொட்டகைக்குச் சன்னல் வைப்பதா, வலை அடிப்பதா, தண்ணீர்த் தொட்டியைக் கட்டிலுக்கு எத்தனை அடி தள்ளி வைப்பது என்பதையெல்லாம் நிறுவனமோ அதன் ஒப்பந்தக்காரரோ முடிவு செய்கிறார்கள். முடிவு யாருடையதோ, பொறுப்பும் அவருடையதே. இரவுக் காவலர்களையும் இரவு ஷிப்ட் ஆட்களையும் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கே இடமில்லை; கடிபடும் நேரமே அவர்களது வேலை நேரம்.

சட்டத்தில் மலேரியாவைப் பற்றித் தனியாக ஏதேனும் சொல்லப்பட்டிருக்கிறதா?

தொழிலாளர் சட்டங்களில் மலேரியாவுக்கென்று தனி அத்தியாயம் கிடையாது. பொதுக் கடமைகளுக்குள் அது அடங்குகிறது. தொழிற்சாலைகள் சட்டம் (1948), மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டம் (1979), கட்டுமானத் தொழிலாளர் சட்டம் (1996) உள்ளிட்ட 13 சட்டங்களை ஒன்றாக்கி 2020-இல் நிறைவேற்றப்பட்ட தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. உடல்நலத்திற்குக் கேடு விளைவிக்காத பணிச்சூழலைத் தருவது, குறிப்பிட்ட பிரிவுத் தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை செய்விப்பது ஆகியவை அதன்படி வேலை தருபவரின் கடமைகள்.

பலருக்குத் தெரியாத இன்னொரு சட்டமும் உண்டு. 1939-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டத்தில் கொசுக்கட்டுப்பாட்டுக்கான விதிகள் இருக்கின்றன. தம் பொறுப்பிலுள்ள இடத்தில் கொசு உற்பத்தியாகும்படி தண்ணீர் தேங்க விடுபவருக்குச் சுகாதார அதிகாரி அறிவிப்புக் கொடுத்து அதைச் சரிசெய்யச் சொல்லலாம். கட்டி முடியாத கட்டடமும் இதற்கு விலக்கல்ல.

ஆட்களை ஒப்பந்தக்காரர்தான் அழைத்து வந்தார். கொசுவலை வாங்கித் தருவது அவர் வேலையல்லவா?

ஒப்பந்தத்தில் அப்படி எழுதிக்கொள்ளலாம்; எழுதியதோடு முதன்மை நிறுவனத்தின் கடமை தீர்ந்துவிடாது. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கான நலவசதிகளை முதன்மை வேலை தருபவரே செய்துதர வேண்டும் என்றுதான் புதிய சட்டத் தொகுப்பு சொல்கிறது. நடைமுறையிலும் ஒப்பந்தக்காரர் துணை ஒப்பந்தக்காரரைக் கைகாட்ட, அவர் மேஸ்திரியைக் கைகாட்ட, மேஸ்திரி தம் கூலியிலிருந்து நாற்பது கொசுவலை வாங்குவார் என்று எதிர்பார்ப்பது வீண். ஒப்பந்தத்தின் விலைப்பட்டியலிலேயே வலை, தொட்டி மூடி, ரத்தப் பரிசோதனை ஆகியவற்றுக்குத் தனி வரி சேர்த்துவிடுவதே நல்லது. தொகை ஒதுக்காத கடமையை யாரும் செய்வதில்லை.

கட்டட வேலை நடக்கும் இடத்தில் குறிப்பாக எவற்றைப் பார்க்க வேண்டும்?

முதலில் தண்ணீர். கான்கிரீட் போட்ட தளத்தில் கியூரிங்குக்காக, அதாவது கான்கிரீட் நன்றாக இறுகுவதற்காக, பாத்தி கட்டி நிறுத்தும் தண்ணீர், லிஃப்ட் குழி, மூடியில்லாத சம்ப், கலவைக்குத் தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம், மேல்மாடியில் யாரும் ஏறிப் பார்க்காத சின்டெக்ஸ் தொட்டி ஆகியவையே வழக்கமான இடங்கள். முட்டை பொரிந்து புழுவாகி, கூட்டுப்புழுவாகி, பறக்கும் கொசுவாக மாற நம் ஊர் வெப்பத்தில் ஒரு வாரத்திலிருந்து பத்து நாட்கள்வரை ஆகிறது. எனவே வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் எல்லாத் தண்ணீரையும் வடித்து, ஓரங்களைத் தேய்த்து, அரைநாள் காயவிட்டால் சுழற்சி அறுந்துவிடும். தளத்துப் பாத்தித் தண்ணீரை வடிப்பதால் கான்கிரீட் பாழாகும் என்று பொறியாளர்கள் தயங்குவதுண்டு. ஈரச் சாக்கைப் போர்த்தி நனைத்துக்கொண்டே இருந்தால் அந்தச் சிக்கலும் இல்லை, தண்ணீரும் தேங்காது.

வடிக்க முடியாத தொட்டிகளுக்கு இறுக்கமான மூடி போட வேண்டும். குடிக்கப் பயன்படாத நீரில் சுகாதாரத் துறையினர் ஊற்றும் அபேட் என்னும் புழுக்கொல்லி மருந்தையோ, கம்பூசியா, கப்பி போன்ற புழு தின்னும் மீன்களையோ விடலாம்.

டிரம்முக்குள் டார்ச் அடித்துப் பார்க்கும்போது, எந்தக் கொசுவின் புழு என்று ஓரளவு அங்கேயே கண்டுகொள்ளலாம். டெங்குக் கொசுவின் புழுவும், சாக்கடைக் கொசுவின் புழுவும் வாலை மேலே வைத்துத் தலைகீழாகத் தொங்கும். அனாபிலிஸ் புழு நீர்மட்டத்தை ஒட்டி, அதற்கு இணையாகப் படுத்துக் கிடக்கும். நிழல் பட்டால் சட்டென்று பக்கவாட்டில் நகர்ந்துவிடும். பாதுகாப்பு அலுவலர்கள் இதைப் பார்த்துப் பழகிக்கொள்வது நல்லது. கொசுக்களால் பரவும் நோய்களை ஆராய்வதற்கென்றே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975-இல் தொடங்கிய மையம் புதுச்சேரியிலேயே இருக்கிறது என்பதையும் இங்கே நினைவூட்டலாம்.

அடுத்தது படுக்கை. பூச்சிமருந்து ஏற்றப்பட்ட நீண்டகால வலைகள் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அல்லது இருபது சலவைகள்வரை தாங்கும் வகையில் தயாரிக்கப்படுகின்றன. அவற்றை அடித்துத் துவைத்து வெயிலில் காயப்போட்டால் மருந்து சீக்கிரம் போய்விடும். மென்மையாக அலசி நிழலில் உலர்த்த வேண்டும். ஷெட்டில் வலைகள் பயன்படாமல் போவதற்கு நாங்கள் காணும் முதல் காரணம் சோம்பேறித்தனமோ அறியாமையோ அல்ல. கட்டுவதற்கு ஆணி இல்லை. தகரச் சுவரில் ஆணி நிற்காது. இரண்டு கட்டில்களுக்கு நடுவே கயிறு கட்டினால் நடக்க வழியிருக்காது. ஷெட் போடும்போதே படுக்கைகளுக்கு மேலே நீளவாக்கில் ஒரு கம்பி இழுத்து, ஒவ்வொரு படுக்கைக்கும் கொக்கி மாட்டிவிட்டால், வலை தானாகப் பயன்பாட்டுக்கு வந்துவிடும். மின்விசிறியும் வேண்டும். சித்திரை மாதத்துப் புழுக்கத்தில் காற்றில்லாத தகரக் கூரையின் கீழ் வலைக்குள் படுக்க எவராலும் முடியாது. அவர்கள் வெளியே மணல் குவியலின் மேல்தான் படுப்பார்கள்.

வாரம் ஒருமுறை புகை அடிக்கிறோம். அது போதாதா?

போதாது. புகை அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவைக் கொல்லும். தண்ணீரில் இருக்கும் புழுவை அது தொடுவதேயில்லை. நோய் பரவத் தொடங்கியபின் சுகாதாரத் துறை பயன்படுத்தும் அவசர வழி அது.

வெளிமாநிலத் தொழிலாளர்கள் வந்து சேரும்போதே ரத்தப் பரிசோதனை செய்யலாமா?

செய்யலாம், செய்வது நல்லது. மலேரியா மிகுந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஓரளவு எதிர்ப்பாற்றல் இருப்பதால், காய்ச்சலே இல்லாமல் கிருமியைச் சுமந்து திரிய முடியும். அவர்களுக்கு அது பெரிய தொல்லை தராவிட்டாலும், அவர்களைக் கடித்த கொசு மற்றவரைக் கடிக்கும்போது நோய் பரவுகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திடம் முன்கூட்டியே சொன்னால், பணியாளர்கள் தளத்திற்கே வந்து இலவசமாக ரத்தத் தடவல் (கண்ணாடிச் சில்லில் பூசிய ரத்த மாதிரி) எடுப்பார்கள். புதிதாக வரும்போது மட்டுமின்றி, ஹோலி, துர்கா பூஜை, சட் பூஜை முடிந்து ஊரிலிருந்து திரும்பும்போதும் பரிசோதிக்க வேண்டும். ஒவ்வொரு முறை ஊருக்குப் போய்வருவதும் புதிய வருகைதான்.

இந்தப் பரிசோதனையின் எல்லைகளையும் நிர்வாகம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு துளி ரத்தத்தில் உடனடியாக முடிவு காட்டும் பரிசோதனை அட்டையில் சில வகைகள், நோய் குணமாகிச் சில வாரங்கள் ஆனபின்னும் பாசிட்டிவ் காட்டும். ஊரில் சிகிச்சை பெற்று வந்தவரை அதைக் கொண்டு நோயாளி என்று முடிவுகட்டக் கூடாது, நுண்ணோக்கியில் ரத்தத் தடவலைப் பார்க்க வேண்டும். மறுபுறம், வைவாக்ஸ் வகைக் கிருமி கல்லீரலில் பல மாதங்கள் உறங்கிக் கிடக்கும்; அப்போது எந்த ரத்தப் பரிசோதனையிலும் அது தெரியாது. ஆகவே வந்த அன்று நெகட்டிவ் என்றிருந்தவருக்கு நான்காம் மாதம் குளிர்காய்ச்சல் வந்தாலும் மீண்டும் பரிசோதிக்க வேண்டும்.

ஒருவரைக் கட்டாயப்படுத்தி ரத்தம் எடுப்பதும், முடிவை மேஸ்திரியின் வாட்ஸ்அப் குழுவில் போடுவதும், பாசிட்டிவ் என்றவுடன் ரயில் டிக்கெட் எடுத்து ஊருக்கு அனுப்பிவிடுவதும் தவறு. கடைசியாகச் சொன்னது நியாயத்துக்குப் புறம்பானது என்பதோடு, நோய்க்கட்டுப்பாட்டுக்கும் எதிரானது. ஒருவரை அப்படி அனுப்பிவிட்டால் மற்ற முப்பது பேரும் அடுத்த காய்ச்சலை மறைத்துவிடுவார்கள்; ஷெட்டின் மூலையில் பாராசிட்டமால் போட்டுப் படுத்துக்கொள்வார்கள்.

நோய் உறுதியானால் நிர்வாகம் என்ன செய்ய வேண்டும்?

சிகிச்சை அன்றே தொடங்க வேண்டும். பால்சிபாரம் வகை, கவனிக்காமல் விட்டால் ஓரிரு நாட்களில் மூளையையும் சிறுநீரகத்தையும் பாதித்து உயிரைப் பறிக்கக்கூடியது. வைவாக்ஸ் வகைக்கு மூன்று நாட்கள் குளோரோகுயினும், கல்லீரலில் உறங்கும் கிருமியை அழிக்கப் பதினான்கு நாட்கள் பிரைமாகுயினும் தருவது நம் நாட்டின் நடைமுறை.

சிக்கல் அந்தப் பதினான்கு நாட்களில்தான் இருக்கிறது. மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும். ஐந்தாம் நாள் அவர் சாரத்தின்மேல் நின்றுகொண்டிருப்பார். மாத்திரை பையின் அடியில் கிடக்கும். இரண்டு மூன்று மாதங்களில் அதே காய்ச்சல் திரும்ப வரும். ஆகவே தளத்திலுள்ள ஒருவரைப் பொறுப்பாக நியமித்து, தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் முன்னிலையிலேயே மாத்திரையை விழுங்கச் செய்வது நல்ல ஏற்பாடு. ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பிரைமாகுயினால் ரத்த அணுக்கள் சிதையக்கூடும். கர்ப்பிணிகளுக்கு அது தரப்படுவதில்லை. சிறுநீர் கருத்துப்போனாலோ கண் மஞ்சளானாலோ உடனே மாத்திரையை நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும் என்பதை அந்தத் தொழிலாளியின் மொழியிலேயே சொல்லிவைக்க வேண்டும். இந்தியில் சொன்னால் போதும் என்று எண்ண வேண்டாம். மேற்கு ஒடிசாவிலிருந்து வருபவருக்கும், சந்தாலி பேசுபவருக்கும் அதுவும் அரைகுறையாகவே விளங்கும்.

கூலியைப் பொறுத்தவரை, ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருக்கிறதே என்று ஒதுங்கிவிட முடியாது. மருத்துவ வசதி தொடக்கத்திலிருந்தே கிடைக்கும் என்றாலும், ஊதியத்தில் 70 விழுக்காடு தரும் நோய்க்கால உதவித்தொகைக்கு, உரிய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்குப் பங்களிப்புச் செலுத்தியிருக்க வேண்டும். நேற்று வந்தவருக்கு அது இருக்காது. மலேரியா பெரும்பாலும் நேற்று வந்தவருக்குத்தான் வருகிறது. அந்த ஒரு வாரக் கூலியை நிறுவனம் கொடுத்துவிடுவது, காய்ச்சலை மறைக்காமல் சொல்ல வைக்கும் மிக மலிவான வழி.

ஆப்பிரிக்க நாட்டுப் பணிக்கு அனுப்பும்போது எப்படி ஏற்பாடு செய்ய வேண்டும்?

பயணத்துக்குக் குறைந்தது நான்கிலிருந்து ஆறு வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். எந்த நாடு என்பது மட்டுமின்றி எந்த ஊர், எந்த மாதம், எத்தனை காலம், எப்படிப்பட்ட தங்குமிடம் என்பதெல்லாம் மருத்துவருக்குத் தெரிந்தால்தான் தடுப்பு மாத்திரையைத் தேர்ந்தெடுக்க முடியும். டாக்ஸிசைக்ளின் தினமும் சாப்பிட வேண்டியது. அபாயப் பகுதியை விட்டு வந்தபின்னும் நான்கு வாரங்கள் தொடர வேண்டும். வெயில் பட்டால் தோல் சிவந்து எரியக்கூடும் என்பதால் திறந்தவெளியில் வேலை செய்பவர்களிடம் இதைச் சொல்லித் தர வேண்டும். மெஃப்ளோகுயின் வாரம் ஒரு மாத்திரை. வசதியாகத் தோன்றினாலும் வலிப்பு, மனச்சோர்வு போன்ற வரலாறு உள்ளவர்களுக்குத் தரக் கூடாது, தலைச்சுற்றல் வரலாம் என்பதால் கிரேன் ஓட்டுநருக்கும் உயரத்தில் வேலை செய்பவருக்கும் அது ஏற்றதல்ல. அட்டோவாகோன்-புரோகுவானில் விலை கூடியது. திரும்பியபின் ஏழு நாட்கள் தொடர்ந்தால் போதும். விலையைப் பார்த்து மனிதவளத் துறை மருந்தைத் தீர்மானிக்கக் கூடாது.

"சின்ன வயதில் எனக்கு மலேரியா வந்திருக்கிறது, இனி வராது" என்று சொல்பவர்கள் ஏராளம். எதிர்ப்பாற்றல், தொடர்ந்து கடிபட்டுக்கொண்டே இருப்பவர்களிடம் மட்டும்தான் நிற்கும். நெல்லிக்குப்பத்திலிருந்து லாகோஸுக்குப் போகிறவரின் உடல், மலேரியாவை முதன்முறையாகச் சந்திக்கும் உடலே.

தலைநகரத்து அலுவலகத்தில்தான் வேலை, காட்டுப்பக்கம் போக வேண்டியதில்லை என்ற ஆறுதலும் முன்போல் செல்லாது. நாம் முதல் விடையில் குறிப்பிட்ட அதே அனாபிலிஸ் ஸ்டீபன்சி, 2012-இல் ஜிபூட்டியில் கண்டறியப்பட்டு, பின்னர் எத்தியோப்பியா, சூடான், நைஜீரியா, கென்யா என்று பரவியிருக்கிறது. தொட்டித் தண்ணீரில் வளரும் கொசு என்பதால் நகரமே அதற்கு ஏற்ற இடம்.

முகாமில் வலை, சன்னல் கம்பிவலை, பூச்சி விரட்டிக் களிம்பு ஆகியவற்றோடு, காய்ச்சல் வந்த 24 மணி நேரத்துக்குள் ரத்தப் பரிசோதனை செய்ய இடமும் வாகனமும் உண்டா என்பதைப் புறப்படும் முன்பே எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். அது இல்லாத தொலைதூர முகாமுக்கு, மருத்துவரின் ஆலோசனையோடு அவசரச் சிகிச்சை மருந்தைக் கையில் கொடுத்தனுப்ப வேண்டியிருக்கும். போலி மாத்திரைகள் புழங்கும் சந்தைகள் பல இருப்பதால் அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

மலேசியாவுக்குப் போகிறவர்களுக்கும் இது பொருந்துமா?

கோலாலம்பூர் உணவகத்துக்கோ தொழிற்சாலைக்கோ போகிறவருக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. சபா, சரவாக் பகுதிகளின் காட்டோரத் தோட்டங்களுக்குப் போகிறவருக்குத் தேவைப்படும். அங்கே குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் நோலெசி என்னும் வகை இருக்கிறது. அது வேகமாக முற்றக்கூடியது.

தொழிலாளி தடுப்பு மாத்திரை சாப்பிட மறுத்தால்?

விழுங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. மறுப்பதற்கான காரணத்தை முதலில் கேளுங்கள். வயிற்றெரிச்சலோ கெட்ட கனவோ காரணமாக இருந்தால் மருந்தை மாற்றலாம். இரண்டு ஆண்டுப் பணியில் இடையில் சலித்து விட்டுவிடுபவர்களே மிகுதி என்பதால், மாத்திரையை மட்டும் நம்பி வலையையும் பரிசோதனை வசதியையும் குறைக்கும் நிர்வாகம் தவறாகக் கணக்குப் போடுகிறது. அபாயத்தை விளக்கியதையும், மாத்திரை வழங்கியதையும், அவர் மறுத்ததையும் பதிவு செய்யுங்கள். "எது நேர்ந்தாலும் நிறுவனம் பொறுப்பல்ல" என்று அவரிடம் எழுதி வாங்குவதால் கடமை தீராது.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டாயிற்று. மலேரியாவுக்கும் ஊசி உண்டா?

மஞ்சள் காய்ச்சல் ஊசி மலேரியாவைத் தடுக்காது. இரண்டும் வெவ்வேறு நோய்கள். அந்த ஊசிக்கான சான்றாகத் தரும் மஞ்சள் அட்டையை வாங்கியதும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் பலர் இருப்பதாலேயே இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-லும் 2023-லும் பரிந்துரைத்த இரண்டு மலேரியா தடுப்பூசிகளும் நோய்ப் பகுதிகளில் வாழும் குழந்தைகளுக்கானவை. வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு அவை தரப்படுவதில்லை.

பணியில் மலேரியா வந்து இறந்தாலோ உடல் முடங்கினாலோ இழப்பீடு உண்டா?

மலேரியா என்ற பெயர் தொழில்நோய்ப் பட்டியலில் இல்லை. ஆனால் தொற்று அபாயம் குறிப்பாக உள்ள வேலையில் பெறப்பட்ட தொற்று நோய்களும் ஒட்டுண்ணி நோய்களும் என்ற பதிவு 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருந்தது; 2025 நவம்பர் 21 முதல் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் அட்டவணையிலும் அது உண்டு. வேலையின் தன்மையால் நோய் வந்ததா என்பதே வழக்கின் கேள்வியாக அமையும். எங்கே தங்கவைத்தீர்கள், வலை கொடுத்தீர்களா, பயணத்துக்கு முன் மருத்துவரிடம் அனுப்பினீர்களா, காய்ச்சல் என்று சொன்ன நாளில் என்ன செய்தீர்கள் என்பவற்றுக்கான ஆவணங்கள் அப்போது தேவைப்படும். வெளிநாட்டுப் பணியாக இருந்தால், நோயுற்றவரைத் தாயகம் கொண்டுவரும் செலவையும் காப்பீடு ஏற்கிறதா என்று பாருங்கள்.

பணி முடிந்து திரும்பியபின் பொறுப்பு எவ்வளவு காலம் நீடிக்கிறது?

பால்சிபாரம் பெரும்பாலும் மூன்று மாதங்களுக்குள் வெளிப்பட்டுவிடும்; வைவாக்ஸும், ஓவேல் என்னும் இன்னொரு வகையும் ஓர் ஆண்டுக்குப் பிறகும் தலைகாட்டலாம். ஆகவே திரும்பி வருபவரிடம், குறைந்தது ஓர் ஆண்டுவரை எந்தக் காய்ச்சல் வந்தாலும் "நான் இன்ன நாட்டிலிருந்து வந்திருக்கிறேன், மலேரியாப் பரிசோதனை செய்யுங்கள்" என்று மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லும்படி அறிவுறுத்த வேண்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டு, நாட்டின் பெயரும் திரும்பிய தேதியும் எழுதிய சிறிய அட்டையைக் கொடுத்தால் இன்னும் நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊரே காய்ச்சலில் கிடக்கும்போது, கடலூரில் ஒரு கிளினிக்கில் வரிசையில் முப்பதாவதாக உட்கார்ந்திருப்பவர் அங்கோலாவிலிருந்து வந்தவர் என்று மருத்துவருக்குத் தானாகத் தெரியாது. டெங்குப் பரிசோதனை எழுதி அனுப்பிவிடுவார். பால்சிபாரத்துக்கு அந்த இரண்டு நாள் தாமதம் போதும். ஒப்பந்தம் முடிந்து விலகியவருக்கும் இந்த அட்டை கொடுக்கப்பட வேண்டும்.

எங்கள் ஆலை புதுச்சேரியில் இருக்கிறது. தொழிலாளர்கள் தங்குவது கடலூர் மாவட்டத்தில். யாருக்குத் தெரிவிப்பது?

நோயைக் கண்டறியும் மருத்துவமனையோ ஆய்வகமோ அரசுக்குத் தெரிவிக்கும். ஆனால் அந்தத் தகவல் நோயாளி தங்கும் ஊரின் சுகாதார ஆய்வாளரிடம் போய்ச் சேர்ந்தால்தான், உடன் தங்கியவர்களின் ரத்தத்தைப் பரிசோதித்து அக்கம்பக்கத்துத் தொட்டிகளைப் பார்க்க முடியும். கிருமாம்பாக்கத்தில் வேலை செய்து ரெட்டிச்சாவடியில் படுப்பவர் இரண்டு நிர்வாகங்களுக்கு நடுவே விடுபட்டுப் போவது எளிது. மருத்துவமனையில் பதிவு செய்யும்போது ஆலையின் முகவரியைக் கொடுக்காமல் தங்குமிடத்தின் முகவரியைக் கொடுங்கள். அதோடு தங்குமிடத்துக்கு உரிய ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நிறுவனத்திலிருந்தே அன்றைக்கே தொலைபேசியில் தகவல் சொல்லிவிடுங்கள்.